அடங்கலில் தொடங்கும் அறிக்கை

திண்டுக்கல் சமவெளியின் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சிச் செயலர்களுக்கும் ஒரு திறந்த மடல்



2024 டிசம்பர் 30 அன்று இந்திய அரசு ஐ.நா. காலநிலை மாற்ற அமைப்புக்கு ஓர் அறிக்கையை அனுப்பியது. நான்காவது ஈராண்டு அறிக்கை என்று அதற்குப் பெயர். 2020ஆம் ஆண்டில் நாடு வெளியிட்ட பசுங்குடில் வாயுக்கள், கரியமில வாயுவின் கணக்கில் சொன்னால், 295.9 கோடி டன் என்கிறது அது. அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம் நிலக்கரி, பெட்ரோல், மின்சாரம் என்று எரிசக்தியிலிருந்து வருகிறது. வேளாண்மையின் பங்கு 13.72 சதவீதம். அந்தப் பங்கில் பெரும்பகுதி மாடுகளின் வயிற்றிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் வருவது.

நெல் வயல் எத்தனை ஏக்கர் என்று தில்லிக்கு எப்படித் தெரியும்? ஆத்தூரிலோ நிலக்கோட்டையிலோ பழனிப் பக்கத்திலோ ஒரு கிராம நிர்வாக அலுவலர் பயிராய்வு செய்து அடங்கலில் ஏற்றினார். அது வட்டத்துக்குப் போய், மாவட்டத்துக்குப் போய், பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவம் மற்றும் பயிர் அறிக்கையில் சேர்ந்து, அங்கிருந்து தில்லிக்குப் போனது. தில்லியில் அறிவியலாளர்கள் அந்தப் பரப்பை ஓர் அளவீட்டால் பெருக்கினார்கள். பெருக்கி வந்த தொகை உலகத்தின் முன் வைக்கப்பட்டது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நீங்கள். அதனால்தான் இந்த மடலை அமைச்சருக்கோ ஆட்சியருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஊராட்சித் தலைவர்களுக்கு எழுதாததற்கும் காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர்கள் வருவார்கள், போவார்கள். தீர்மானப் புத்தகம் செயலரிடம்தான் இருக்கும். அதுபோலத்தான் அடங்கலும். 1980இல் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிக்கப்பட்டபோது அந்தக் கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த நிலை மாறி, தேர்வு எழுதி வந்தவர்களின் கைக்கு வந்தது. அதை எழுதும் கை மாறியதே தவிர, எழுதும் வேலை நிற்கவில்லை.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் பாரிசில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. எவ்வளவு குறைப்போம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே சொல்லலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சொன்னதில் எவ்வளவு செய்தோம் என்பதை எல்லா நாடும் ஒரே முறையில் கணக்குக் காட்ட வேண்டும். உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2018இல் போலந்தின் கட்டோவீசா நகரில் அதற்கான விதிகளை வகுத்தார்கள். 2024ஆம் ஆண்டு முடிவிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு என்று கெடு வைத்தார்கள். அனுப்பிய கணக்கை வேறு நாட்டு வல்லுநர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், எங்கே திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

உங்களுக்கு இது புதிதே இல்லை. பசலி முடியும் தறுவாயில் கிராமக் கணக்குகளையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்திக்கு நிற்கிறீர்களே, அதேதான். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி புரட்டிப் பார்ப்பார்; அடங்கலும் பட்டாவும் ஒத்துப்போகிறதா என்று கேட்பார்; கையெழுத்துப் போடுவார். நாடுகளுக்கும் இப்போது ஜமாபந்தி வந்துவிட்டது.

ஏழை நாடுகளிடம் இந்தக் கணக்கை எழுத ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை என்பதால், கற்றுக்கொடுக்க ஒரு நிதி ஏற்பாட்டையும் பாரிசிலேயே செய்தார்கள். உலகச் சுற்றுச்சூழல் நிதியம் அதை நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இதுபோன்ற உதவிகள் பெரும்பாலும் தலைநகரங்களில் பயிற்சி அரங்குகளாகவும் மென்பொருளாகவும் ஆலோசகர்களின் அறிக்கைகளாகவும் முடிகின்றன. பெருக்கல் போடுகிறவருக்குப் பத்துப் பயிற்சி கிடைக்கிறது; பெருக்க வேண்டிய எண்ணை வயல் வரப்பில் நின்று எழுதுகிறவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அந்த எண் எதற்குப் பயன்படுகிறது என்றுகூட அவருக்கு யாரும் சொன்னதில்லை. எனவே அதை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

நெல்லில் தொடங்குவோம். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். தண்ணீரை வடிய விட்டு மண் லேசாக வெடிக்கும் வரை காய விட்டால் அந்த வேலை நின்றுபோகும். இந்திய அறிவியலாளர்கள் அளந்து வைத்திருக்கும் கணக்குப்படி, பருவம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஒரு ஹெக்டேர் நெல் வயல் சுமார் 162 கிலோ மீத்தேன் விடும். ஒருமுறை காய விட்டால் 66 கிலோ. பலமுறை காய விட்டால் 18 கிலோ. பாரிஸ் விதிகளின்படி ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆக, ஒரே வயல், ஒரே நெல், தண்ணீர் விடும் முறை மட்டும் வேறு. அதில் ஒரு பருவத்துக்கு ஏக்கருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடு என்று நம் விவசாயிகளுக்கு யாரும் தில்லியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரை நம்பி நெல் போடுகிற திண்டுக்கல் சமவெளியில் பலருக்கு அதைத் தவிர வேறு வழியும் கிடையாது. மோட்டார் ஓடும் நேரம்தான் தண்ணீர். வாய்க்கால் பாசனத்தில் இருக்கிற வயலுக்கும் கிணற்றுப் பாசன வயலுக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம். அடங்கலில் பயிரும் பாசன ஆதாரமும் இருக்கின்றன. தண்ணீர் நின்றதா, காய்ந்ததா என்று எழுத இடமில்லை. அதனால் மாநில அளவில் ஏதோ ஒரு விகிதத்தை ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர் விவசாயி தண்ணீரையும் மிச்சப்படுத்தி, மீத்தேனையும் குறைத்திருக்கிறார். அதை எழுத ஒரு கட்டம் இல்லாததால் நாட்டின் சாதனைக் கணக்கில் அது ஏறவில்லை. காய விட்ட வயலில் நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும் என்பதும் உண்மை. அதையும் சேர்த்துக் கணக்கிடத்தான் யூரியா எவ்வளவு போட்டார்கள் என்ற விவரம் வேண்டியிருக்கிறது.

அடுத்து மாடு. கால்நடைக் கணக்கெடுப்பு உங்கள் வேலை இல்லை, கால்நடைத் துறையின் வேலை. 21ஆவது கணக்கெடுப்பு 2024 அக்டோபர் 25 அன்று தொடங்கியது. கணக்கெடுப்பாளர் ஊருக்கு வந்தால் முதலில் விசாரிப்பது உங்களைத்தான். இந்தியக் கணக்கில் நாட்டுக் கறவை மாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 28 கிலோ மீத்தேன், கலப்பினக் கறவைக்கு 43, எருமைக்கு 50 என்று வைத்திருக்கிறார்கள். "ஊர்ல ஒரு எழுநூறு உருப்படி இருக்கும், எழுதிக்குங்க" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னால், எது நாட்டு மாடு, எது கலப்பினம் என்ற விவரம் அங்கேயே செத்துப்போகிறது. அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிறவருக்குத் தன் கொட்டத்தில் எத்தனை கிடா, எத்தனை பெட்டை என்று தெரியும். அவரைக் கேட்டு எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

மரத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் காடும் மரப்பரப்பும் சேர்ந்து நிலப்பரப்பில் 33 சதவீதம் ஆக வேண்டும் என்பது இலக்கு. இந்தியாவும் 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் வரை கரியமில வாயுவை மரங்களில் சேர்த்து வைப்பதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் கன்று நடுவது ஒவ்வோர் ஊராட்சிக்கும் இலக்காகிவிட்டது. கன்று நட்ட நாளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. குழி, கன்று, கூண்டு, பலகை, புகைப்படம், இடக்குறியீடு. அதே கன்று மறு ஆண்டு மே மாதம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் படிவத்தைத்தான் காணோம். கோடையில் மேய்ச்சல் ஆடும், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத நிலையும் சேர்ந்து எத்தனை கன்றைக் கொன்றன என்பது உங்களுக்குத் தெரியும். நடப்பட்டவை இத்தனை என்று மேலே போன எண் அப்படியே நிற்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுப்பது நடப்பட்ட கன்று இல்லை, பிழைத்த மரம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படம் கொண்டு வனப்பரப்பை அளக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் பத்து சதவீதமாவது மர நிழல் விழ வேண்டும். அவ்வளவு இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்வி அங்கே இல்லை. ஆகவே நத்தத்தின் மாந்தோப்பு உங்கள் அடங்கலில் தோட்டப்பயிர். வானத்திலிருந்து பார்த்தால் வனப்பரப்பு. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் மேலிருந்து பார்த்தால் பச்சைதான். அதை வெட்டிக் கண்மாயைத் தூர்வாரினால் ஊருக்குத் தண்ணீர் நிற்கும். படத்தில் பச்சை குறையும். இரண்டு கணக்கும் பொய்யில்லை. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிந்த ஒருவர் இடையில் இருக்க வேண்டும். "இந்த இடத்தில் பச்சை குறைந்தது, ஏனென்றால் கண்மாய் மீட்கப்பட்டது" என்று ஒரு வரி எழுத உங்களைத் தவிர யாராலும் முடியாது.

பம்புசெட்டைப் பற்றி இரண்டு வரி. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் இல்லை. இலவசத்தை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நாட்டின் கணக்கில் அந்தப் புகை அனல்மின் நிலையத்தின் வாசலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது, எனவே அங்கே பிழை வராது. ஆனால் மாவட்ட அளவில் சூரிய பம்புசெட்டும் சொட்டு நீர்ப் பாசனமும் எவ்வளவு மிச்சம் பிடித்தன என்று காட்ட, ஊருக்கு இரண்டு கிணற்றிலாவது எத்தனை குதிரைத்திறன் மோட்டார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆழ்துளை எத்தனை அடி என்று தெரிய வேண்டும். நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது. மிச்சப்பட்ட யூனிட் தெரிந்தால் மீதியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

குப்பையும் இப்படித்தான். திண்டுக்கல் மாநகராட்சி குப்பைக் கிடங்கில் குவியும் மக்கும் குப்பை அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். ஊராட்சியில் தூய்மைக் காவலர்கள் பிரித்து வாங்கி உரக்குழியில் மக்க வைத்தால் அது பெருமளவு குறையும். எத்தனை வண்டி என்று எழுதாமல் எத்தனை கிலோ என்று எழுதினால் போதும். மாதத்தில் ஒரு வாரம் எடை போட்டாலே ஓர் உருப்படியான அளவு கிடைத்துவிடும்.

எண்ணோடு காரணமும் எழுத வேண்டும் என்பதற்கு நாட்டின் அறிக்கையே சாட்சி. 2019ஐவிட 2020இல் இந்தியாவின் வெளியேற்றம் 7.93 சதவீதம் குறைந்தது என்கிறது அது. ஏன் குறைந்தது? வேடசந்தூர் நூற்பாலைகள் நின்று கிடந்ததும் லாரிகள் ஓடாததும் நமக்கு மறந்துபோகவில்லை. பெருந்தொற்று ஊரடங்கு என்ற காரணத்தைப் பக்கத்தில் எழுதாவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அந்த அட்டவணையைப் பார்க்கிறவர் 2020இல் இந்தியா பெரிய சாதனை செய்தது என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று. 2005க்கும் 2020க்கும் இடையில் நாட்டின் வெளியேற்றச் செறிவு 36 சதவீதம் குறைந்தது. 2030க்குள் 45 சதவீதம் குறைப்பதாக வாக்கு. செறிவு என்றால் உற்பத்தி மதிப்பில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு புகை என்பது. ஒரு நூற்பாலை புதிய இயந்திரம் போட்டு, ஒன்றரை மடங்கு மின்சாரத்தில் இரண்டு மடங்கு நூல் நூற்றால் செறிவு குறைந்துவிட்டது. மொத்த மின்சாரம் கூடிவிட்டது. இரண்டையும் சொல்வதுதான் கணக்கு. ஒன்றை மட்டும் சொன்னால் விளம்பரம்.

இவ்வளவும் கேட்ட பிறகு, நமக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகம் சூடானதற்கு வேடசந்தூர் மானாவாரி விவசாயி காரணமில்லை. அவர் கணக்குக் காட்ட வேண்டிய கடனாளியும் இல்லை. உண்மையில் அவருக்குத்தான் வர வேண்டியது இருக்கிறது. வர வேண்டியதைக் கேட்கவும் கணக்கு வேண்டும்.

இதைத் திண்டுக்கல் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம். தீர்ப்பு அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தின் ஆலைகளுக்கும் சேர்த்துத்தான். ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியென்று உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. அதோடு, எந்த நிலம் எவ்வளவு கெட்டது, எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பு என்று மதிப்பிட ஓர் ஆணையத்தையும் அமைக்கச் சொன்னது. ஈடு கேட்கும் இடத்தில் கோபத்துக்கு மதிப்பில்லை. புல எண், பரப்பு, முன்பு என்ன விளைந்தது, இப்போது என்ன விளைகிறது என்பதுதான் பேசும். அதெல்லாம் கிராமக் கணக்கில் இருந்து வர வேண்டியவை.

வறட்சியிலும் அதுவே நடந்தது. 2016 வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் விவசாயி முதலில் தேடி ஓடியது அடங்கல் நகலைத்தான். இனி இதே கேள்வி நாடுகளுக்கு இடையிலும் வரப்போகிறது. காலநிலையால் ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் நிதி என்று 2022இல் எகிப்தில் நடந்த மாநாடு ஒப்புக்கொண்டது. 2023இல் துபாயில் அதற்கு உருவம் கொடுத்தார்கள். எவ்வளவு பணம் சேரும், யாருக்குப் போகும் என்பது பெரிய சண்டை. ஆனால் எந்த ஆண்டு கிணறு வற்றியது, எத்தனை ஏக்கர் கருகியது, ஆழ்துளை எத்தனை அடிக்குப் போனது என்ற பதிவு இல்லாத ஊருக்கு அந்தச் சண்டையில் நிற்க இடம் இருக்காது.

உங்கள் பாடு எனக்குத் தெரியாததில்லை. கிராம நிர்வாக அலுவலருக்குச் சான்றிதழ் விசாரணை, வாக்காளர் பட்டியல், நில அளவைப் பிரச்சினை, ஊரில் செத்தாலும் பிறந்தாலும் வேலை. செயலருக்குக் குடிநீர் மோட்டார், தெருவிளக்கு, வீட்டு வரி, நூறு நாள் வேலை. இதற்கு நடுவில் மேலிருந்து "இன்று மாலைக்குள் விவரம் அனுப்பவும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் விழும். ஊரைச் சுற்றி வர ஒரு நாள் வேண்டிய விவரத்தை இரண்டு மணி நேரத்தில் கேட்டால், போன ஆண்டு எண்ணோடு பத்தைக் கூட்டி அனுப்புவதைத் தவிர என்ன செய்ய முடியும்? அந்தப் பத்தில்தான் நாட்டின் கணக்கு கெடுகிறது. தவறு உங்கள் பேனாவில் இல்லை, கேட்ட விதத்தில் இருக்கிறது. இலக்கு நூறு என்றால் நூறு என்றே வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மேலே இருக்கும்வரை, தொண்ணூறை எழுதத் துணிச்சல் வேண்டும்.

எனவே உங்களிடம் கேட்பதற்கு முன் உங்கள் மேலதிகாரிகள் காதிலும் இது விழட்டும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. அது புதிதாக ஒரு பதிவேடு கொண்டுவரக் கூடாது. இருக்கிற படிவங்களில் ஒரே விவரத்தை மூன்று துறைகள் மூன்று முறை கேட்பதை முதலில் நிறுத்தட்டும். மிச்சமாகும் நேரத்தில் இரண்டு மூன்று கட்டங்களைக் கூட்டலாம். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் 1956 முதல் காந்திகிராம கிராமிய நிறுவனம் இருக்கிறது. கிராமத்துக்குப் போய் வேலை செய்வதைப் படிப்பின் பகுதியாகவே வைத்திருக்கும் இடம் அது. அந்த மாணவர்கள் சில ஊர்களைத் தேர்ந்து எடுத்து, எழுதியதும் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். இதைக் குற்றம் பிடிக்கும் தணிக்கையாக நடத்தினால் ஒருவரும் உண்மை எழுத மாட்டார்கள். பாரிஸ் விதிகளே, போன முறை எழுதியது பிழை என்று தெரிந்தால் பழைய ஆண்டுகளையும் திருத்தி எழுதச் சொல்கின்றன. எங்கே பலவீனம், அதை எப்படிச் சரிசெய்யப் போகிறோம் என்று சொல்லச் சொல்கின்றன. ஒரு நாட்டுக்குக் கிடைக்கிற அந்தச் சலுகை ஓர் ஊராட்சிச் செயலருக்கும் கிடைக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது நான்கு.

முதலாவது, தெரியாத இடத்தில் "விவரம் இல்லை" என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டம் அடுத்த ஆண்டு நிரம்பும். பொய் எண் ஏறிவிட்டால் அதற்கு மேலே போடும் கூட்டல் எல்லாம் பொய்யாகும்.

இரண்டாவது, கன்றுக்கு இரண்டு எண் வையுங்கள். நட்டது எத்தனை, அடுத்த கோடை முடிந்த பிறகு பிழைத்தது எத்தனை. பிழைத்தது பாதிக்கும் கீழே என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் கேட்பதற்கு அந்த எண்தான் உங்கள் ஆதாரம்.

மூன்றாவது, நெல் வயலுக்கு நேராக "தண்ணீர் நின்றது, காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று இரண்டில் ஒன்றைக் குறித்து வையுங்கள். அதிகாரபூர்வமான கட்டம் வரும்வரை குறிப்புரையில் எழுதினாலும் போதும்.

நான்காவது, எழுதியதை ஊருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று ஒரே ஒரு தாள் போதும். கண்மாயில் எத்தனை மாதம் தண்ணீர் நின்றது, எத்தனை கன்று பிழைத்தது, எத்தனை கிலோ குப்பை உரமானது, காலநிலை என்ற பெயரில் ஊருக்கு எவ்வளவு பணம் வந்தது. தப்பான எண்ணை முதலில் பிடிக்கிறவர் பின்வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணாக இருப்பார். "எங்க தெருவுல வச்ச கன்னு ஒண்ணுகூட இல்லீங்களே" என்பார். வேறு நாட்டு வல்லுநர் குழு செய்ய வேண்டிய வேலையை அவர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. மீட்டர் காட்டிய யூனிட்தான் அங்கே கணக்கு, அதை யாரும் மறுக்க முடியாது. கேரளத்தில் வயநாட்டு மீனங்காடி ஊராட்சி 2016இல் கார்பன் சமநிலைத் திட்டம் தொடங்கி, முதல் வேலையாக ஊரின் வெளியேற்றத்தைக் கணக்கெடுத்தது. மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு மரத்தை ஈடாக வைத்து ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு ஐம்பது ரூபாய் வட்டியில்லாக் கடன் என்று மர வங்கித் திட்டமும் கொண்டுவந்தது. மரத்தை எண்ணிக் குறியிட்டு வைத்ததால்தான் அந்தப் பணம் விவசாயிக்குப் போனது. கணக்கு எழுதுவது மேலிடத்துக்குச் செய்யும் சேவையாக இருந்த நிலை மாறி, ஊருக்கே வரவாகும் இடம் அது.

நாடு 2070க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவதாகச் சொல்லியிருக்கிறது. அதுவரை இருபதுக்கும் மேற்பட்ட அறிக்கைகள் போக வேண்டும். அவற்றை எழுதப்போகும் அமைச்சர்களும் செயலாளர்களும் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வோர் அறிக்கைக்கும் முன்னால் ஒவ்வொரு பசலியிலும் ஒருவர் அடங்கலைத் திறந்து எழுத வேண்டியிருக்கும். அவருக்குக் கொஞ்சம் நேரமும் உண்மையை எழுதினால் தண்டனை இல்லை என்ற உறுதியும் கொடுக்கச் சொல்லி, வரும் கிராமசபையில் நாங்கள் தீர்மானம் கேட்போம். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதப்போவதும் நீங்கள்தான். அதில் ஒரு சொல்லையும் குறைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்